கறுப்பு இருக்கட்டும், சிவப்பு போகட்டும்: மலையகத்தில் பழைய கத்திகளும் புதிய கத்திகளும் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

பழைய ஆயுதம் சேகரிக்க ஆசைப்படுபவர்களின் மனம் முதலில் போவது ரிவோல்வர், பிஸ்டல் பக்கம்தான். இலங்கையில் அதை ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள இடமில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அழகுக்காக அடுக்கிவைக்கிறேன் என்பது அதற்குக் காரணமாகாது. ஆனால் மலையகத்தில் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே வேறொரு சேகரம் கிடக்கிறது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, காட்டுக் கத்தி, றப்பர் மரத்தில் பாலெடுக்கும் பால்வெட்டுக் கத்தி, தோட்டப் பட்டறை ஆசாரி அடித்த வீட்டுக் கத்தி, கண்டி அரசர் காலத்து வேலைப்பாட்டுக் கத்தி, பங்களாக்களில் மிஞ்சிய ஷெஃபீல்ட் மடக்குக் கத்தி என்று அதற்குப் பல கிளைகள். இவற்றில் பெரும்பகுதி இன்று கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த வழிகாட்டி அவற்றைத் தேடுவது, அடையாளம் காண்பது, துருவிலிருந்து காப்பது, பதிவது பற்றியது. முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்றே: கத்தியில் உள்ள கறுப்பு இருக்கட்டும், சிவப்பு போகட்டும். சேகரிக்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

கறுப்பு என்பது என்ன

பல வருடம் கவ்வாத்து மலையில் வேலை செய்த கத்தியின் அலகு வெள்ளையாக இருக்காது. நீலங்கலந்த கறுப்பாக, சில இடங்களில் ஊதா மினுக்கத்தோடு இருக்கும். அது அழுக்கல்ல. தேயிலைச் செடியின் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாகும் படலம் அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை செய்தார்களே, அதே வேதியியல்தான். இந்தப் படலம் அலகை இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும், துரு புதிதாகப் பிடிப்பதை ஓரளவு தடுக்கும். எல்லாவற்றையும்விட, அந்தக் கத்தி தேயிலையில் உழைத்தது என்பதற்குச் சாட்சி அதுதான். வயர் பிரஷ் பூட்டிய கிரைண்டரில் இரண்டு நிமிடம் பிடித்தால் அந்தச் சாட்சி போய்விடும். பிறகு யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

சிவப்பு வேறு. செம்மஞ்சள் நிறத்தில், விரலால் தடவினால் பொடியாக வருவது உயிரோடிருக்கும் துரு. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கீழேயுள்ள இரும்பைத் தின்னும். இதைத்தான் நிறுத்த வேண்டும்.

எதைச் சேகரிப்பது என்று முதலில் முடிவெடுங்கள்

கண்டதையெல்லாம் வாங்கினால் ஒரு வருடத்தில் ஒரு மூடை இரும்புதான் மிஞ்சும். ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே தோட்டத்தின் எல்லாக் கருவிகளும் என்பது ஒரு நூல். மஸ்கெலியா தொடங்கி பதுளை வரை கவ்வாத்துக் கத்தி எப்படி மாறுகிறது என்பது இன்னொன்று. ஒரே ஆசாரி குடும்பத்தின் வேலை என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் மிகக் கடினம், ஆனால் அதைச் செய்தவர்கள் மிகக் குறைவு என்பதால் அதன் பெறுமதி மிக அதிகம்.

புதியவர்களுக்குப் பத்துக் கத்தி போதும். ஐந்து கவ்வாத்துக் கத்தி, இரண்டு காட்டுக் கத்தி, ஒரு பால்வெட்டுக் கத்தி, ஒரு வீட்டுக் கத்தி, ஒரு மடக்குக் கத்தி. இந்தப் பத்தையும் சுத்தம் செய்து, அளந்து, எழுதி முடிக்கும்போது அடுத்து என்ன வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

வாள், குத்துவாள், பயனெட் போன்றவை போருக்கென்றே செய்தவை. அவற்றை வாங்குமுன் ஒரு சட்டத்தரணியிடமோ பொலிஸ் நிலையத்திலோ கேட்டுத் தெளியுங்கள். வேலைக் கத்திகளோடு தொடங்குவதே நல்லது.

கையோடு இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, 30 சென்டிமீற்றர் இரும்பு அடிமட்டம், தடிப்பு அளக்க ஒரு வேர்ணியர், சமையலறைத் தராசு, சிறு காந்தம், வெள்ளைப் பருத்தித் துணி, நைட்ரைல் கையுறை. கையுறை கட்டாயம். வியர்வையில் உள்ள உப்பு ஒரே இரவில் அலகில் விரல் அடையாளத்தைத் துருவாகப் பதித்துவிடும்.

எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, பதுளை போன்ற நகரங்களின் பழைய இரும்புக் கடைகள் முதல் இடம். மழைக்காலத்தில் போகாதீர்கள், குவியல் நனைந்திருந்தால் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். வெயில் நாளின் காலையில் போனால் அலகின் உண்மையான நிறம் தெரியும். இரண்டாவது, தோட்டங்கள் பாவனைக்கு உதவாத சாமான்களைக் கழிக்கும் ஏலம். மூன்றாவது, ஓய்வுபெற்ற கவ்வாத்துக்காரர்களின் வீடுகள். மிகச் சிறந்த கத்திகள் அங்கேதான் இருக்கின்றன, கூரை வரிச்சில் செருகியபடி அல்லது அடுப்புப் பரணில்.

வீட்டுக்குப் போகும்போது விலையில் தொடங்காதீர்கள். "தாத்தா, இந்தக் கத்தி எந்த மலையில் வெட்டுனது? யார் அடிச்சுக் குடுத்தது?" என்று கேளுங்கள். தோட்டம் கொடுத்த கத்தியா, சொந்தக் காசில் செய்வித்ததா, பிடியை யார் மாற்றியது, எத்தனை கவ்வாத்து கண்டது என்று பேச்சு தானாக விரியும். அந்தத் தகவல் இல்லாத கத்தி பாதிக் கத்திதான். பழைய இரும்பு விலையைச் சொல்லி ஏமாற்றி வாங்குவது பாவம். அந்தக் குடும்பத்துக்கு அது உழைப்பின் ஞாபகம். அவர்கள் தர மனமில்லாவிட்டால் படம் எடுத்து, அளந்து, எழுதிக்கொண்டு வாருங்கள். கத்தி அங்கேயே இருக்கட்டும். பதிவு உங்களிடம் இருந்தால் அதுவும் சேகரம்தான்.

எந்த இடத்தில் வாங்கினாலும் திகதி, விலை, விற்றவரின் கையொப்பம் உள்ள ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்கள். கத்தியைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, சீட்டையும் அதோடு வைத்து நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

காலத்தைக் கணிப்பது

முதலில் பொய்களைக் கழித்துவிடலாம். "1850ஆம் வருடத்துத் தேயிலைக் கவ்வாத்துக் கத்தி" என்று யாராவது விற்றால் அது பொய். ஸ்கொட்லாந்துத் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, அடுத்த ஆண்டுகளில் கோப்பி அழிந்த பிறகே தேயிலை மலையெங்கும் பரவியது. அதற்கு முந்திய தோட்டக் கத்தி என்றால் அது கோப்பிக் காலத்துக் கத்தி. அப்படி ஒன்று இருக்கலாம், ஆனால் அதில் தேயிலைக் கறுப்பு இருப்பதை வைத்து அந்தக் காலத்தைச் சொல்ல முடியாது.

அடுத்து முத்திரைகள். அலகின் அடிப்பகுதியில், பிடிக்கு மேலே உள்ள இரண்டு அங்குலத்தில்தான் தேட வேண்டும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, டோர்ச்சை அலகோடு ஒட்டினாற்போல் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் சேர்ந்திருந்தால் அது ஷெஃபீல்டின் ஜோசஃப் ரொஜர்ஸ். கிரீடத்துக்குள்ளிருந்து சுத்தியல் ஏந்திய கை எழுந்தால் அமெரிக்காவின் கொலின்ஸ் நிறுவனம். அந்த ஆலை 1966இல் மூடப்பட்டது. முதலை அடையாளம் இங்கிலாந்தின் மார்ட்டின்டேல் காட்டுக் கத்திகளில் இருக்கும். மம்பட்டியில் வரும் முதலை மார்க்கையும் இதையும் ஒன்றென்று நினைத்து எழுதிவிடாதீர்கள். பெயரையும் சேர்த்துப் படியுங்கள். அகன்ற அம்புக்குறி ஒன்று தனியாக இருந்தால் அது பிரித்தானிய அரசாங்கச் சொத்தாக இருந்தது என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில், 1944இல், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைக் கட்டளைத் தலைமையகம் கண்டிப் பக்கம் பேராதனைக்கு வந்தது. அம்புக்குறியும் 1940களின் ஆண்டும் உள்ள காட்டுக் கத்திகள் இந்தப் பக்கம் கிடைத்தால் அந்தத் தொடர்பையும் விசாரித்துப் பாருங்கள்.

நாட்டின் பெயர் இன்னொரு துப்பு. இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891இல் நடைமுறைப்படுத்திய பிறகே 'இங்லண்ட்' என்ற சொல் ஷெஃபீல்ட் அலகுகளில் பரவலானது. ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருந்தால் அது 1913க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஹரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த உருக்கை உருவாக்கியது அந்த ஆண்டில்தான். சுவிஸ் மடக்குக் கத்தியில் விக்டோரினொக்ஸ் என்ற பெயர் இருந்தால் 1921க்குப் பிந்தியது.

உள்ளூர்த் தோட்ட முத்திரைகள் இன்னும் சுவையானவை. தோட்டப் பெயரின் முதலெழுத்துகளை உளியால் அடித்திருப்பார்கள், சில கருவிகளில் இலக்கமும் இருக்கும். கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானது 1975இல். ஆகவே அரசின் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையின் எழுத்து அடித்த கருவியை அதற்குப் பிந்திய காலத்தில் வையுங்கள். தோட்ட நிர்வாகம் மீண்டும் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது 1992இல்.

முத்திரையே இல்லாத கத்திதான் அதிகம். அவற்றை உலோகமே சொல்லும். தோட்டப் பட்டறைகளில் லொறியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கத்தி அடித்தார்கள். அலகின் முதுகு சீரான தடிப்பில் இருந்தால், எங்காவது நடுபோல்ட் ஓட்டையின் அரைவட்டம் மிஞ்சியிருந்தால், அது ஸ்பிரிங் பட்டை; மோட்டார் வாகனம் மலையேறிய பிறகு வந்தது. தேய்ந்த அரத்தை அடித்துச் செய்த சிறு கத்திகளில் முதுகோரம் அரத்தின் பல்வரிசை நிழலாகத் தெரியும். இன்னும் பழையவற்றில் இரும்பு உடலில் உருக்கு வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வாயோரம் ஒரு நிறம், உடல் வேறு நிறம், நடுவே அலையலையாக ஒரு கோடு. சந்தேகமிருந்தால் பிடிக்குள் மறைந்த காம்பில், வெளியே தெரியாத இடத்தில், சிறு அரத்தை மெல்ல வைத்துப் பாருங்கள். மென்மையான இரும்பில் அரம் கடிக்கும். காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்கிய, தோய்ச்சல் ஏறிய உருக்கில் வழுக்கும். காம்புக்குத் தோய்ச்சல் ஏறாவிட்டால் உருக்கிலும் கடிக்கும்; ஆகவே இதை மட்டும் நம்பாதீர்கள். வாயில் அரம் வைக்கவே கூடாது. சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பொறி பார்ப்பதும் கூடாது.

போலிப் பழமையும் உண்டு. அமிலம் பூசி வரவழைத்த துரு எங்கும் ஒரே செம்மஞ்சளாக இருக்கும், குழிக்குள் கறுப்பு இருக்காது. பிடிக்குச் சப்பாத்து பொலிஷ் பூசியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டும். உண்மையான கைப்பழக்கத்தில் பிடி ஒரே சீராகத் தேயாது. பெருவிரல் அழுந்தும் இடமும் சுண்டுவிரல் கொக்கி போடும் இடமும் மட்டும் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் உங்கள் கையை வைத்துப் பார்த்தால் உழைத்தவர் வலக்கையா இடக்கையா என்பதுகூடத் தெரியும்.

கண்டிக் கத்தி: ஆசைப்படுமுன்

பிஹா-கெட்ட என்று சிங்களத்தில் சொல்லும் கண்டிக் கத்தி வேறொரு உலகம். கண்டி அரசின் பட்டல் ஹதர என்ற நான்கு அரச பட்டறைகளின் வேலைப்பாடு அதன் உச்சம். தடித்த முதுகு, அலகின் மேற்பகுதியில் வெள்ளியும் பித்தளையும் பதித்த கொடிவேலை, தந்தத்திலோ கொம்பிலோ உலோகத்திலோ செதுக்கிய பிடி. சிலவற்றின் உறையில் ஓலையில் எழுதும் எழுத்தாணியும் கூடவே இருக்கும்.

வாங்கும் எண்ணம் வருமுன் கண்டி தேசிய நூதனசாலையிலும் கொழும்பு நூதனசாலையிலும் உள்ள கண்டிக்கால வேலைப்பாடுகளை நின்று பாருங்கள். கண் பழகாமல் கடைக்குப் போனால் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்த நகலைத்தான் வாங்கி வருவீர்கள். நகலில் அலகு தகடுபோல் மெல்லியதாக இருக்கும், முதுகிலிருந்து வாய்க்குச் சரிவு இருக்காது. அசலில் வெள்ளிக் கம்பி வெட்டிய பள்ளத்துக்குள் அமர்ந்திருக்கும். 10 மடங்குக் கண்ணாடியில் அதன் விளிம்பு தெரியும். நகலில் அது மேலே பூசியதாகவோ ஈயம் வைத்து ஒட்டியதாகவோ இருக்கும். அடியில் இரும்பில்லாத தனிப் பித்தளைப் பகுதியைக் காந்தம் இழுத்தால் அது பித்தளை அல்ல, பூச்சு.

பிடி தந்தமா எலும்பா என்பதற்கு வெட்டுமுகத்தைப் பாருங்கள். தந்தத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி வலைபோல் நிற்கும். எலும்பில் கறுத்த சிறு புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். சூடாக்கிய ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள், பொருளைக் கெடுக்கும். தந்தம் என்று தெரிந்தால் வாங்கும் எண்ணத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தந்த வியாபாரம் சட்டச் சிக்கல்.

மண்ணைத் தோண்டியோ விகாரை, கோயில் வளவிலிருந்தோ கிடைத்தது என்று சொல்லி எதை நீட்டினாலும் தொடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் மண்ணிலிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனங்கள் சட்டமும் குறுக்கே நிற்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்குக் கொடுத்தனுப்புவதும் அதில் அடங்கும்.

துரு நீக்குவது

தொடுமுன் இருபக்கமும் அடிமட்டத்தோடு படம் எடுங்கள். நிறை எடுங்கள். பிறகுதான் வேலை.

முதலாம் நாள்: பழைய பல்துலக்கி ஒன்றால் உலர்ந்த மண்ணையும் தூசியையும் தட்டி எடுங்கள். தண்ணீர் வேண்டாம், சவர்க்காரமும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயை அலகு முழுவதும் தாராளமாகத் தடவி, பொலித்தீனில் சுற்றி 24 மணித்தியாலம் விடுங்கள். துரு தடிப்பாக இருந்தால் 48 மணித்தியாலம். எண்ணெய் துருவுக்கும் இரும்புக்கும் நடுவே இறங்கப் பொறுமை வேண்டும். இங்கே அவசரப்பட்டால் அடுத்த படியில் இரும்பைக் கீறுவீர்கள்.

இரண்டாம் நாள்: மூங்கிலைச் சீவித் தட்டை முனை உளிபோல் செய்துகொள்ளுங்கள். சிவப்பு உள்ள இடத்தை அதனால் முதுகிலிருந்து வாயை நோக்கித் தள்ளுங்கள். கை எப்போதும் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மூங்கிலுக்கு அசையாத கட்டிகளுக்குப் பித்தளைத் துண்டொன்றின் விளிம்பைப் பாவியுங்கள். பித்தளை உருக்கைவிட மென்மை, கீறாது. அதற்கும் அசையாவிட்டால் 0000 இலக்க இரும்பு நாரை எண்ணெயில் தோய்த்து, சிவப்பு உள்ள புள்ளியில் மட்டும், நெருக்காமல். பாத்திரம் தேய்க்கும் முரட்டு நார் வேறு, அதைக் கொண்டுவராதீர்கள். துணியில் கறுப்பு மை போல வரத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். அது நாம் காக்க வேண்டிய படலம்.

முடிந்ததும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எண்ணெய் அழுக்கைத் துடைத்து, பிறகு அசிட்டோனில் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. உலர்ந்ததும் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை, நூதனசாலைகளில் பாவிக்கும் அதே வகையை, நகக்கண் அளவு எடுத்து மிக மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து மினுக்குங்கள். அடுத்த நாள் இன்னொரு பூச்சு. தடிப்பாகப் பூசினால் வெள்ளையாகப் படிந்து தூசி பிடிக்கும்.

கெடுக்கும் வழிகளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோருடைய வீட்டிலும் இவைதான் முதலில் கைக்கு வரும். தேசிக்காய், வினாகிரி, கழிப்பறை அமிலம்: மூன்றும் துருவோடு கறுப்பையும் கரைக்கும், குழிக்குள் மிஞ்சிய அமிலம் ஒரு கிழமைக்குள் புதுத் துருவைக் கொண்டுவரும். தேங்காய் எண்ணெய்: காலப்போக்கில் சிக்குப் பிடித்து அமிலத்தன்மை கொள்ளும். கிரைண்டர்: முத்திரையை அழிப்பதோடு சூட்டில் வாய் நீலமானால் தோய்ச்சலும் போயிற்று. பித்தளையும் வெள்ளியும் பதித்த கண்டிக் கத்திக்குப் புளியும் பொலிஷ் திரவமும் எமன்; கொடிவேலை தேய்ந்தே போய்விடும். அந்த வகைக் கத்தி கிடைத்தால் தூசி தட்டுவதற்கு மேல் எதுவும் செய்யாமல் பயிற்சியுள்ளவரிடம் காட்டுங்கள்.

அழகு போய் ஆழக் குழி விழுந்த சாதாரணத் தோட்டக் கத்திக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஒரு லீற்றர் தண்ணீரில் 60 கிராம் டஸ்ட் தேயிலை போட்டு 15 நிமிடம் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவிடுங்கள். பொடித் துருவை நீக்கி, எண்ணெய்ப்பசை போக அசிட்டோனால் துடைத்த அலகில் இதைத் தூரிகையால் பூசி உலரவிடுங்கள். ஒரே நாளில் மூன்று தரம். மிஞ்சிய சிவப்பு மெல்ல மெல்லக் கறுக்கும். எண்ணெய்ப்பசை மிஞ்சிய இடத்தில் மட்டும் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். அப்படியானால் அந்த இடத்தை மறுபடி துடைத்துப் பூசுங்கள். முழுதாக உலர்ந்த பின் மெழுகு. செய்ததைப் பதிவேட்டில் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வருபவர் அதை உழைத்து வந்த கறுப்பென்று எண்ணிவிடுவார்.

கூர் தீட்டாதீர்கள். பல தசாப்தம் சாணைக்கல்லில் தீட்டி ஒடுங்கிப்போன அலகின் வடிவம்தான் அந்தக் கத்தியின் வரலாறு.

பிடியும் பூணும்

மரப்பிடியை உலர்ந்த துணியால் துடைத்து, பச்சை ஆளிவிதை எண்ணெயை நாலைந்து துளி மட்டும் தேய்த்து, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

பூண் தளர்ந்திருந்தால் ஆப்பு அடிக்காதீர்கள். ஊவாப் பக்கம் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மரம் சுருங்கும், பூண் ஆடும். மாரி வந்ததும் தானாக இறுகும். கோடையில் ஆப்படித்த பிடி மழையில் ஊதி வெடிக்கும். காம்பு அரக்கு வைத்து இறுக்கியிருந்தால் அரக்கை மாற்றாதீர்கள், எபொக்சி ஊற்றாதீர்கள். பிற்காலத்தில் பூட்டிய பிடியைக் கழற்றி 'பழைய மாதிரி' பிடி போடும் ஆசையும் வேண்டாம். கம்பி சுற்றிக் கட்டிய பிடியும் அந்தக் கத்தியின் ஒரு பருவம்.

மலையகத்தின் ஈரத்தில் வைத்திருப்பது

ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். 50க்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ திறந்த அலுமாரியில் இது நடக்காது. சுவரில் மாட்டிவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். குளிர்ந்த இரவில் இரும்பும் குளிர்ந்துவிடும். காலையில் கதவைத் திறந்ததும் ஈரக் காற்று உள்ளே வந்து அலகில் பனித்துளியாகப் படியும். சுவரில் தொங்கும் கத்தியின் சுவர்ப்பக்கம் முதலில் துருப்பிடிப்பதை நீங்களே காண்பீர்கள்.

மூடியில் றப்பர் வளையமுள்ள 20 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் நிறம் மாறும் சிலிகா ஜெல் 250 கிராம், சிறு டிஜிட்டல் ஈரமானி ஒன்று. இவ்வளவுதான் செலவு. சிலிகா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி மூலையில் வையுங்கள், அலகில் படக்கூடாது. நிறம் மாறியதும் அடுப்பில் 110 முதல் 120 பாகை சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் உலர்த்தி மறுபடி பாவிக்கலாம். அரிசி போட்டு வைப்பது வேலைக்காகாது. அது பூச்சியைத்தான் கூட்டும்.

தோலுறைக்குள் கத்தியை வைத்திருக்காதீர்கள். தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து அலகில் துருவையும் பித்தளையில் பச்சைக் களிம்பையும் கொண்டுவரும். உறையை அதே பெட்டியில் தனியாக வைத்து, இரண்டுக்கும் ஒரே இலக்கம் கட்டுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள், அந்தத் தாளில் அமிலமுண்டு. பழைய பருத்திச் சேலையைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்துப் பாவியுங்கள். வாய்ப்பக்கத்துக்குத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் மெல்லிய பொலித்தீன் குழாயை நீளவாட்டில் கீறி மாட்டிவிட்டால் கையும் தப்பும், கூரும் தப்பும். பெட்டிக்குப் பூட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரம்.

சோதிக்கும் நாட்களை மழையைப் பார்த்து வையுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மாதமொருமுறை திறந்து பாருங்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. நுவரெலியாவுக்கு இரண்டும். மழை பெய்யும் நேரத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். நடுப்பகல் வெயிலில் திறந்து, பார்த்து, மூடுங்கள்.

பதிவேடு

ஒரு தடித்த கொப்பி போதும். கத்திக்கு ஒரு பக்கம். இலக்கம், கிடைத்த இடம், திகதி, மொத்த நீளம், அலகின் நீளம், அகலம் மூன்று இடத்தில், முதுகின் தடிப்பு அடியிலும் நுனியிலும், நிறை, முத்திரையின் கைப்படம், பிடியின் மரம், செய்த சிகிச்சை. அதற்குக் கீழே, தந்தவர் சொன்னது அவருடைய வார்த்தையிலேயே. 'பொழுதேறு முன்ன ஒரு வரி முடிச்சிருவோம்' என்று அவர் சொன்னால் அதைத் திருத்தாமல் எழுதுங்கள். அவர் பெயரை எழுத அவரிடமே சம்மதம் கேளுங்கள்.

இலக்கத்தை அலகில் பேனையால் எழுதாதீர்கள், பொறிக்கவே பொறிக்காதீர்கள். தடித்த அட்டையில் பென்சிலால் எழுதிப் பிடியில் பருத்தி நூலால் கட்டுங்கள். மை மழைக்காலத்தில் ஊறும், பென்சில் ஊறாது.

கருவிகளை எப்படிக் காட்சிக்கு வைக்கலாம் என்று பார்க்க ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்கும், கம்பளைக்கு அருகே பரதெக்கவில் தொழிலாளரின் பழைய வரிசை வீடான லயத்தில் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டாவதில் கருவி அது இருந்த வீட்டோடு சேர்ந்து நிற்கிறது. அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

புதிய கத்திகளும் வேண்டும்

பழையதை மட்டும் சேர்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: இன்று உலை மூட்டும் ஆசாரிகள் சிலரே. கவ்வாத்துக்கு இயந்திரம் வந்த மலைகளில் கத்திக்கு வேலை குறைகிறது. அதனால் இப்போது செய்யும் கத்தியும் சேகரத்தில் இருக்க வேண்டும்.

ஆசாரியிடம் ஒரே மாதிரியில் மூன்று கத்தி சொல்லுங்கள். முதலாவது, பட்டையை வெட்டி வடிவுக்கு அடித்த நிலையில் நிறுத்தியது. இரண்டாவது, தோய்ச்சல் முடிந்து சாணை பிடிக்காதது. மூன்றாவது, பிடி போட்டு வேலைக்குத் தயாரானது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கத்தி பிறக்கும் விதம் பார்த்ததும் விளங்கும். எந்த வண்டியின் பட்டை, எதில் தோய்த்தார், தண்ணீரா எண்ணெயா, தோய்ச்சலுக்கு எந்த நிறத்தில் எடுத்தார், அலகு எத்தனை தரம் உலைக்குப் போனது என்று பக்கத்தில் நின்று எழுதுங்கள். தண்ணீரில் தோய்த்த ஸ்பிரிங் உருக்கு சில நேரம் வாயில் மயிரிழையாக வெடிக்கும்; அப்படி வெடித்ததை ஆசாரி எறியப் பார்ப்பார், அதையும் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அவருடைய அடையாளத்தை அலகின் அடியில் அடிக்கச் சொல்லுங்கள். அடையாள உளி இல்லையென்றால் ஒன்று செய்யச் சொல்லி அதற்கும் கூலி கொடுங்கள். உளி அவரிடமே இருக்கட்டும்.

துப்பாக்கி கண்ணில் பட்டால்

பங்களா மேல்மாடத்திலும் கழிவு ஏலங்களிலும் தேடுபவர்களுக்கு இது என்றாவது நடக்கலாம். 1900 தொடங்கி 1949 வரை இலங்கைத் தோட்டத்துரைமாரின் ரைஃபிள் படை இருந்தது. தோல் உறை, வார்ப்பட்டை, தொப்பிச் சின்னம் போன்ற அந்தக் காலத்துச் சாமான் வெளிவரலாம், சேகரிக்கலாம். ஆனால் அதோடு துப்பாக்கியோ தோட்டாவோ இருந்தால், துருப்பிடித்து ஓடாததாகத் தெரிந்தாலும், கையில் எடுக்காதீர்கள், அசைத்துப் பார்க்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பழைய தோட்டா கையாளும்போது வெடிக்கக்கூடியது. துப்பாக்கிக்குள் ஒன்று இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. மற்றவர்களையும் விலக்கிவிட்டு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். கிடைத்த இடத்தையும் நேரத்தையும் கூட இருந்தவர்களின் பெயரையும் அன்றே கொப்பியில் எழுதி வையுங்கள்.